நாற்பத்திரண்டில் நின்ற மீட்டர்

விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் அன்புக்கரசி இரும்புச் சாரத்தின் மேல் நின்று குழாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆறு அங்குலக் குழாய். எண்ணூர்க் கடலின் உப்புக்காற்று முப்பது வருஷமாக அதன்மேல் துருவை ஏற்ற, கம்பெனி அந்தத் துருவின் மேலேயே பெயின்ட் அடித்து வந்திருந்தது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் துருத்தூள் கண்ணில் விழும். உப்புத்தாளால் தேய்த்தால் விரல்நுனி போகும். இரண்டாலும் மாற்றி மாற்றித் தேய்த்தாள். உள்ளிருக்கும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை விடக்கூடாது. இடது கட்டைவிரலில் ரத்தம் கசிந்தது. சுடிதாரில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

குழாயை அறுக்காமல் வெளியிலிருந்தபடியே தண்ணீரின் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் அது. இரண்டு சென்சார்களைக் குழாயின் மேல் கிரீஸ் தடவிப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். காதுக்குக் கேட்காத ஒலியை ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். ஒலி போய்ச் சேரும் நேரத்தை வைத்து, மணிக்கு இத்தனை கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று எண்ணாகக் காட்டும். நடுவில் துரு இருந்தாலும், கிரீஸ் காய்ந்தாலும், தண்ணீரில் காற்றுக் குமிழி கலந்தாலும் ஒலி சிதறிவிடும். எண் பேயாட்டம் ஆடும்.

ஒரு மாதமாக அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. அன்புக்கரசி துருவை எடுத்துப் பார்த்தாள், கிரீஸை மாற்றிப் பார்த்தாள், சென்சார்களை நேராக ஓடும் பகுதிக்கு நகர்த்திப் பார்த்தாள். கொருக்குப்பேட்டைப் பெண். ஐடிஐயில் மீட்டர் வேலை படித்துவிட்டு ஆறு வருஷமாக இங்கே ஒப்பந்தக் கூலி. கடைசியில் அவள் செய்தது படிப்பில் இல்லாத வேலை. நீள ஸ்குரூடிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டாள். ஓடும் தண்ணீரின் இரைச்சலுக்கு நடுவே சட்சட்டென்று வெடிக்கும் சத்தம். பம்பின் கழுத்தில் தண்டைச் சுற்றித் திணித்திருக்கும் கயிறு தேய்ந்துபோய், பம்ப் அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பம்ப் விளையாட்டுப் பொருள் அல்ல. பக்தவச்சலத்தின் கம்பெனியில் பிளைவுட் ஒட்டும் பிசின் காய்ச்சுகிறார்கள். 'கெட்டில்' என்று எல்லோரும் சொல்லும் ஐந்து டன் கொப்பரையில் சரக்கு வேகும். ஓர் அளவுக்கு மேல் அதற்கு நெருப்பே வேண்டாம், தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். கொப்பரையைச் சுற்றி ஓடும் குளிர்ந்த தண்ணீர்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. தண்ணீர் நின்றால் பத்தே நிமிஷத்தில் அதற்கு வெறி பிடிக்கும். அதனால்தான் மீட்டர்: தண்ணீர் குறைந்தால் மணி அலறும், சரக்கு இறங்குவது தானாக நின்றுபோகும்.

ஏழு மணிக்கு முதலாளி பக்தவச்சலம் காரிலிருந்து இறங்கி நேராகச் சாரத்தடிக்கே வந்தார்.

"இன்னும் ஆடுதா அது?"

"மீட்டர் ஒயுங்கா கீது சார். பம்ப்பு தான் காத்து குட்சிகினு கீது. கயித்த மாத்தணும். ஒரு நாள் நிறுத்துனா போதும்."

"ஒரு நாளா? துறைமுகத்துல கப்பல் நிக்குது. மீட்டரைச் சரி பண்ணச் சொன்னா பம்ப்பைக் குறை சொல்றே."

"அது ஆட்றது தான் சார் நெசம்."

"நிஜத்தை நீயே வெச்சுக்கோ. எனக்கு ஆடாத மீட்டர் வேணும்." குரலைத் தாழ்த்தினார். "ஒலி அறுந்துபோனா கடைசியாக் காட்டின எண்ணையே பிடிச்சு நிறுத்தற மாதிரி அதுல ஒரு வசதி இருக்காமே. வித்தவன் சொன்னான்."

அன்புக்கரசி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "அத்த நாலஞ்சு செகண்டுக்கு மேல வெக்கக் கூடாது சார்."

"எவ்வளவு வரைக்கும் போகும்?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது."

"போடு. போட மாட்டேன்னா சொல்லு. கேட்டுக்கு வெளியே ஐடிஐ முடிச்சவன் வரிசையா நிக்கறான்."

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது செகண்டு என்றால் பதினாறு நிமிஷத்துக்கும் மேல். குழாய் செத்துக் கிடந்தாலும் பதினாறு நிமிஷம் மீட்டர் தண்ணீர் ஓடுவதாகவே சாதிக்கும். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பொத்தானை அழுத்தினாள். அவள் தம்பிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது என்றோ, வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்றோ சொல்லி அவளைக் காப்பாற்ற நான் வரவில்லை. பயந்தாள், அழுத்தினாள்.

கெட்டில் ஆபரேட்டர் தாமோதரனுக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம். மணி அலறும்போதெல்லாம் பாதி வெந்த சரக்கைக் கொட்டிக் கொப்பரையைச் சுரண்டுவது அவரும் மூட்டை பிடிக்கும் ஆட்களும்தான். "அந்த சனியன் வாய மூட்றா யாராவது" என்று மூட்டை தூக்கும் எழிலன் ஒருமுறை மணிக்குள் துணியையே திணித்தான். மணி ஓய்ந்ததும் தாமோதரன் தானே டீ வாங்கி வந்து அவளிடம் நீட்டினார்.

"காது இப்ப தான் காதா கீதும்மா. நல்லா இருப்ப."

அந்த டீயை அவள் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை, காலை பத்து இருபது. தரை ஒருமுறை எம்பி விழுந்தது. அடுத்த கணம் கெட்டில் மூடியின் போல்ட்டுகள் கூரையைத் துளைத்துக்கொண்டு போயின. ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் நொறுங்கித் தலைகளின் மேல் கொட்டின. கொதிக்கும் பிசின் தூணாக எழுந்து, அகல விரிந்து, கீழே நின்றவர்கள் மேல் இறங்கியது. கண்ணைப் பிடுங்கும் நெடி. அலறல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

பிசின் வெந்நீரைப் போல வழிந்து போகாது. ஒட்டிக்கொண்டு உள்ளே வேகும். தாமோதரன் படியிறங்கி நாலடி நடந்தார். சட்டையும் தோலும் ஒன்றாகிப் போயிருந்தன. கையை முகத்துக்குக் கொண்டுபோனார், முகத்திலிருந்து கை பிரியவில்லை. பாய்லர் ஆள் சௌக்கத் அலி நனைந்த சாக்கோடு ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடித்ததில் அவருடைய முன்கைகளும் வெந்தன. மூட்டை பிடிக்கும் பகுதியிலிருந்து தாமோதரனின் மனைவி புஷ்பவல்லி ஓடிவந்தாள். புருஷனைத் தூக்கக் குனிந்தவள், எங்கே தொடுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்தபடி நின்று ஊளையிட்டாள். கம்பெனி ஆம்புலன்ஸுக்கு டிரைவர் இல்லை. சரக்கு ஏற்றும் குட்டியானை வேனில் சாக்கு விரித்து அவரைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்புக்கரசி எதிர்த்திசையில் ஓடினாள். சாரத்தில் ஏறிக் குழாயைத் தட்டினாள். டொங்கென்றது. ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தாள், ஒன்றுமே கேட்கவில்லை. சொட்டுத் தண்ணீர் இல்லாத குழாயின் மேல் மீட்டர் பச்சை எழுத்தில் நாற்பத்திரண்டு என்று காட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை கேட் பூட்டியிருந்தது. வெளியே அறுபது பேர். உள்ளே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரோடு பக்தவச்சலம் நின்றிருந்தார். கையில் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த தாள்.

"எல்லாரும் பாருங்க. விபத்து நடந்த நிமிஷத்துல தண்ணி நாப்பத்திரண்டு ஓடியிருக்கு. தண்ணி ஒழுங்கா வந்திருக்குன்னா தப்பு எங்கே? கெட்டில்ல காஸ்டிக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். தாமோதரன் ஒரே மூச்சுல கொட்டியிருக்கான். அவன் மேலதான் கேஸ்."

"இருவத்திரண்டு வருசமா கெட்டில் ஓட்றாருய்யா அவரு!" என்று சௌக்கத் அலி கத்தினார். இரண்டு கையிலும் கட்டு.

"மெஷின் பொய் சொல்லாது பாய்."

அன்புக்கரசி கம்பி இடுக்கு வழியாக அந்தத் தாளைப் பார்த்தாள். பத்து மணியிலிருந்து பத்தே காலுக்குக் கொஞ்சம் முன்வரை கோடு நடுங்கி நடுங்கி வந்தது. அப்புறம் அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல ஒரே நேர்கோடு. உயிரோடு ஓடும் தண்ணீர் எந்தக் குழாயிலும் அவ்வளவு நேராக ஓடாது. அந்த நேர்கோட்டை இழுத்தது தன் விரல் என்பது அவளுக்குத் தெரியும்.

பக்தவச்சலம் அவளை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார். மேஜையில் ஒரு காகிதம்: மீட்டர் சரியாக இருந்தது, சோதித்தேன், கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"போடு. பதினோரு மணிக்குப் பொன்ராஜ் ஆளுங்க வந்து அந்தக் குழாயையே அறுத்து எடுத்துடுவாங்க. அதோட முடிஞ்சுது."

பொன்ராஜ் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரன். ஆளை அடிக்கவும் ஆள் பிடித்துக் கொடுப்பான்.

"தாமோதரண்ணன் மேல பொய் கேசு சார்."

"அப்போ உன் மேல போடட்டுமா? செட்டிங்கை மாத்தினது யார் விரல்? நான் சொன்னேன்னு எழுதி வாங்கியிருக்கியா? அவன் செத்தா கொலைக்கேஸ். யோசி."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஜெயிலைவிடப் பெரிய பயம் கேட்டுக்கு வெளியே நின்றது: புஷ்பவல்லியின் முகம். கையெழுத்துப் போட்டால் அந்த முகத்தை ஒருபோதும் எதிர்கொள்ள வேண்டியதில்லை. பேனாவை எடுத்தாள். தாமோதரன் கண் திறந்தால் போலீஸ்காரன்தான் முதலில் எதிரில் நிற்பான் என்று நினைத்தாள். பேனாவை மேஜை மேல் எறிந்துவிட்டு வெளியே வந்தாள்.

"புஷ்பாக்கா," என்றாள். அறுபது பேரும் திரும்பினார்கள். "தண்ணி வரல. கொயா காலியாத் தான் கெடந்துச்சு. மீட்டரு பொய் சொல்லிச்சு. அத்த பொய் சொல்ல வெச்சது நான் தான்."

மிச்சத்தையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. முதலாளி சொன்னதைச் சொன்னாள், நாலைந்துக்கு மேல் கூடாது என்று தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள்.

முதல் அடி காதோடு விழுந்தது. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. புஷ்பவல்லி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினாள். "தெரிஞ்சே பண்ணியாடீ! டீ வாங்கிக் குடுத்தாரே உன்க்கு! தெரிஞ்சே பண்ணியா!" அன்புக்கரசி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கீழே விழுந்தவளின் விலாவில் புஷ்பவல்லி உதைத்தாள். எழிலன் மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியை ஓங்கிக்கொண்டு வந்தான்.

சௌக்கத் அலி கட்டுப் போட்ட கையாலேயே அவன் கழுத்தை வளைத்தார். "மணில துணிய அட்சவன் யார்றா? நீ தானடா! சனியன் வாய மூடுன்னு கேட்டது யாரு? நாம தானடா, நாம எல்லாரும். நானும் தான் கேட்டன். இவள அட்சிக் கொன்னுட்டா உள்ள ஒக்காந்துகினு கீறானே, அவன் கால் மேல கால் போட்டுக்குவான்."

எழிலனின் கை தானாக இறங்கியது. கொக்கியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

புஷ்பவல்லி மூச்சிரைத்தபடி நின்றாள். கையில் கற்றையாக முடி. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, "காட்டு," என்றாள்.

"இன்னாக்கா?"

"அந்த மெசினு பொய் சொல்லிச்சுன்னியே. என் கண்ணால பாக்கணும். எழுந்துரு."

கேட்டை யாரும் திறந்துவிடவில்லை. அறுபது பேரின் தோள்களுக்கு முன்னால் பூட்டு ஒரு நிமிஷம் தாங்கியது, அவ்வளவுதான். சப்-இன்ஸ்பெக்டர் ஓரமாக ஒதுங்கி போனை எடுத்தார்.

பம்ப் ஷெட்டுக்குச் சேதமில்லை. அன்புக்கரசி பம்பின் கழுத்து நட்டுகளை இறுக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றி நிரப்பினாள். வால்வைத் திருப்பி, தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகும்படி வைத்து, பம்பை ஓட்டினாள். மீட்டரில் எண்கள் எழுந்தன. நாற்பது, நாற்பத்துமூன்று, நாற்பத்திரண்டு. பத்துப் பதினைந்து போன்கள் உயர்ந்தன. தான் வைத்த செட்டிங்கைத் திரையில் வரவழைத்துக் காட்டினாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. பிறகு பம்பின் கழுத்தில் இருந்த நட்டுகளை ஸ்பேனரால் தளர்த்தினாள். பம்ப் காற்றை விழுங்கி இருமியது, கனைத்தது, வெறுமனே சுற்றத் தொடங்கியது. மீட்டருக்கடியில் இருந்த சிறு திறப்பைத் திருகினாள். தண்ணீர் பீறிட்டு, துப்பி, சொட்டி, நின்றது.

"கைய வைக்கா."

புஷ்பவல்லி குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தாள். முஷ்டியால் குத்திப் பார்த்தாள். டொங்கென்றது. நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. ஒரு நிமிஷம் போயிற்று. ஐந்து நிமிஷம் போயிற்று. அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் அசையவில்லை.

"தண்ணியே இல்லாத கொயாக்கு நாப்பத்திரண்டா," என்றாள் புஷ்பவல்லி. "இத்த நம்பிகினா அவரு அங்க நின்னுகினு இருந்தாரு?"

"ஆமாக்கா."

பொன்ராஜ் பதினோரு மணிக்குச் சொன்னபடி வந்தான். பன்னிரண்டு பேர், இரும்புக் குழாய்கள், அறுக்கும் மெஷின். முதலில் நின்ற எழிலனின் முழங்காலில் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் மூட்டைக்கு அள்ளும் தகர முறங்களால் திருப்பி அடித்தார்கள். ஒருவனின் நெற்றி பிளந்தது. இன்னொருவன் மெஷினை ஓடவிட்டபடி சாரத்தில் கால் வைத்தான். அன்புக்கரசி குழாயோடு சேர்த்துச் சென்சார்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரும்புக் குழாய் அவள் இடது முன்கையில் இறங்கியது. கை தொங்கிவிட்டது. அவள் வலது கையால் பிடித்தாள். மறுபடி ஓங்கியவனின் காலைப் புஷ்பவல்லி கீழிருந்து பற்றி இழுத்தாள். அவன் தலைகீழாக விழுந்தான், மெஷின் தரையில் துள்ளிப் பொறி கக்கியது.

"எல்லாம் பின்னால வாங்க!" என்று சௌக்கத் அலியின் குரல் கேட்டது. நேற்றுச் சூடு இன்னும் ஆறாத பாய்லரின் கழிவுக் குழாய் வால்வருகே நின்றார். "டேய் பொன்ராஜ்! இந்தக் கோட்டத் தாண்டுனா வெந்துடுவ. என் கையப் பாரு, எப்டி வேகும்னு தெரியும்." கட்டு அவிழ்ந்த கையால் வால்வைத் திருகினார். இரு கூட்டத்துக்கும் நடுவே தரையோடு நீராவி சீறிப் பாய்ந்து வெள்ளைச் சுவராக நின்றது. பொன்ராஜின் ஆட்கள் பின்வாங்கினார்கள். கூலிக்கு அடிக்க வந்தவர்கள், வேக வந்தவர்கள் அல்ல.

நீராவி அடங்கியபோது அறுபது பேரும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எழிலனின் காலுக்குப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு, படம் எடுத்த போன் தன்னிடம் இருக்கிறது, தொழிற்சாலை ஆய்வாளர் கையில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றான். ஆய்வாளருக்கு நாலு தரம் போன் போட்டாயிற்று. வருகிறேன் என்றார், வரவில்லை. கீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த சேதி: தாமோதரனுக்கு மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை. புஷ்பவல்லி தன் மேல்துண்டைக் கிழித்து அன்புக்கரசியின் உடைந்த கையைக் கழுத்தோடு கட்டினாள். இறுக்கித்தான் கட்டினாள். அன்புக்கரசி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அட்சதுக்கு நான் வருத்தப்பட மாட்டன்."

"படாதக்கா."

ஒரு மணிக்கு இரண்டு வண்டி போலீஸ் வந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்றபடி பக்தவச்சலம் கையைத் தூக்கினார்.

"உங்க யார் மேலயும் எனக்குக் கோபமில்லை. செட்டிங்கை மாத்தினவ அவ. அவளே ஒத்துக்கிட்டா, நீங்களே கேட்டீங்க. அவளை ஒப்படைச்சிட்டு எல்லாரும் வேலைக்கு வாங்க. தாமோதரன் மேல கேஸ் வாபஸ்."

சிலர் புஷ்பவல்லியைப் பார்த்தார்கள். புருஷன் மேல் இருந்த பழியை இறக்கி வைக்க ஒரே ஒரு ஆள் போதும் என்கிறான் முதலாளி. சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார்.

"அன்புக்கரசி யாரு? எழுந்திரு."

"நான் தான்," என்று அவள் எழப் பார்த்தாள். புஷ்பவல்லி அவளுடைய நல்ல கையைப் பிடித்துத் தரையில் இழுத்தாள்.

"குந்து."

புஷ்பவல்லி எழுந்து நின்றாள். புடவையெல்லாம் ரத்தம், யாருடையது என்று தெரியவில்லை.

"இவ பண்ணது தப்பு தான். அத்த கேக்கற பாத்தியத என்க்குக் கீது. கேட்டேன், அட்சேன். நாள பின்ன கோர்ட்டு கேட்டாலும் இவ பதில் சொல்வா, ஓடிப்போற ஆளில்ல. ஆனா போடுன்னு சொன்னவன் அதோ உன் முதுவுக்குப் பின்னால நிக்கிறான், அவன மொதல்ல எழுந்திருக்கச் சொல்லு. இவ எங்க சாட்சி. பேக்டரி இன்ஸ்பெக்டரு வந்து பாக்கறவரிக்கும் மீட்டரும் நவுராது, இவளும் நவுர மாட்டா. கூட்டிகினு தான் போவணும்னா எத்தன வண்டி கொண்டாந்துகீற? நாங்க அறுவது பேரு."

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பிப் பக்தவச்சலத்தைப் பார்த்தார். முதலாளி தன் வாட்சைப் பார்த்தார்: இரண்டாம் ஷிப்ட் வரும் நேரம்.

கேட் பக்கம் சலசலப்பு. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள், திருவொற்றியூரிலிருந்தும் அத்திப்பட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள், உடைந்த பூட்டைப் பார்த்தபடி உள்ளே நுழைந்தார்கள். போலீஸையும் தரையில் உட்கார்ந்திருந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சௌக்கத் அலி நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். காலையில் கேட் உடைந்தபோது மண்ணில் இறைந்து கிடந்த அட்டெண்டன்ஸ் அட்டைகளை யாரும் குனிந்து எடுக்கவில்லை. முதலில் ஒருவர், பிறகு நாலு பேர், பிறகு எல்லோரும், டிபன் தூக்குகளை மடியில் வைத்துக்கொண்டு அன்புக்கரசியைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு முதுகு சாய இடம் விட்டார்கள். அந்த நெருக்கத்தில் அவளுக்கு இரண்டு நாளாக வராத அழுகை வந்தது.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.